பழுப்பு

ரொட்டி வெந்துவிட்டதா என்று
எட்டிப் பார்க்கிறவன் புதுசு.
எனக்கு மூக்கு சொல்லும்.
ஸ்ரீராமபுரம் பேக்கரியில்
இருபத்தாறு வருஷம், விடிகாலை மூன்று மணி,
அடுப்பு வாய்க்கு முன்னால்.
வெள்ளை மாவு தேன் நிறமாகி
தேன் நிறம் செங்கல் நிறமாவதற்குள்
தட்டை இழுத்துவிட வேண்டும்.
இடையில் இருப்பது
ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்.

டாக்டரம்மா ஷைலஜா
கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்:
"சக்கரை சும்மா இருக்காது சம்பங்கி.
புரதத்தப் பிடிச்சு ஒட்டிக்கும்.
ஒட்டினது நாள் போகப் போகப் பழுப்பாகும், இறுகும்.
உங்க பன்னு மேல நிறம் ஏறுது இல்லவா,
அதே கதைதான்.
அங்கே இருநூறு டிகிரி, பதினஞ்சு நிமிஷம்.
இங்கே முப்பத்தேழு டிகிரி, பதினாலு வருஷம்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது.
இத்தனை மெதுவான அடுப்பை நான் கண்டதில்லை.
புகை இல்லை, வாசனை இல்லை.
மூக்கை நம்பிப் பிழைத்தவனுக்கு
ஒரு தகவலும் வரவில்லை.
என் தட்டை யாரும் இழுக்கவில்லை.

புதன்கிழமை, ஆறாம் நம்பர் நாற்காலி.
நாகவேணி ஒரு பெட்டி கொண்டுவந்தாள்.
கையை மேலே வைத்தால்
தோலுக்குள் விளக்கடித்துப் பார்க்குமாம்.
"தழும்பு இல்லாத இடம் வேணும் அண்ணா."

இடது கை ஊசிக்கு நேர்ந்துவிட்டது,
தொட்டால் உள்ளே தேனீ ஓடும்.
வலது கையைத் திருப்பித் திருப்பித் தேடினாள்.
இது கிறிஸ்துமஸ் கேக் வாரத்துச் சூடு.
இது மகள் பிறந்த மூன்றாம் நாள்,
தூக்கக் கலக்கத்தில்.
இது எதற்கென்றே ஞாபகம் இல்லை.
முழங்கைக்குக் கீழே
காலணா அகலத்தில்
ஒரு பழுதில்லாத தோல் அகப்பட்டது.

நீல வெளிச்சம்.
உள்ளே படிந்த பழுப்பு
அதை வாங்கிக்கொண்டு
கொஞ்சம் திருப்பித் தந்ததாம்.
எவ்வளவு தருகிறதோ அவ்வளவு மோசம்.
ஐம்பத்தொரு வயசுக்காரனுக்கு
எண்பது வயசுக் கிழவனின் எண்.

பக்கத்து நாற்காலி ஃபௌசியாவுக்கு
வயசு இருபத்தொன்பது, சர்க்கரையே கிடையாது.
அவள் எண்ணும் ஏறித்தான் இருந்தது.
"எனக்கு ஏன்?" என்று கேட்டாள்.
எல்லார் உடம்பிலும் கொஞ்சம் உண்டாவதுதான்,
கழுவி வெளியே விடும் கிட்னி
கடையை மூடிவிட்டால்
குப்பை தெருவிலேயே நிற்கும் என்றாள் நாகவேணி.

அப்புறம் இந்த மெஷின் எதற்கு?

மைதா சலித்தவனுக்கு அதை விளக்க வேண்டாம்.
உப்பு இறங்கும், யூரியா இறங்கும்,
இரண்டரை கிலோ தண்ணீர் இறங்கும்.
துண்டு துக்கடா கொஞ்சம் போகும்.
புரதத்தோடு ஒட்டிக் கட்டியானது
சல்லடையிலேயே தங்கும்.
நரம்புச் சுவரில் பிடித்தது
சல்லடை வரைக்கும் வருவதே இல்லை.
நாலு மணி நேரம்
என் ரத்தம் வெளியே போய்
குளித்துவிட்டு வருகிறது,
அழுக்கை அக்குளில் ஒளித்துக்கொண்டு.

வறுத்தது வேண்டாம், பொரித்தது வேண்டாம்,
முறுகல் ஆகவே ஆகாது,
வேகவைத்தது போதும் என்று சீட்டு.
முறுகலை விற்றுக் குடும்பம் நடத்தியவன்
அதை நாலாக மடித்து
சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து பூங்காவனம் எனக்கு ஊற்றும் தோசை
பவுடர் பூசிய முகம் மாதிரி இருக்கிறது.
அவளும் அதையேதான் தின்கிறாள்,
எதிரில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல்.

நேற்று ராத்திரி தண்ணீருக்கு எழுந்தேன்,
ஒரு மடக்கு, அதுவும் அளந்து.
சமையலறையில் விளக்கு.
முதுகைக் காட்டி நின்றபடி
அவள் எதையோ கடிக்கும் சத்தம்,
மொறு மொறு என்று.
என் காலடி கேட்டதும் நின்றது.
வாயில் இருந்ததை
மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

கல்லில் இன்னொன்று கிடந்தது.
தேன் நிறம் தாண்டிவிட்டது,
பார்க்காமலே தெரிந்தது.

"திருப்பு," என்றேன்,
"தீயப் போகுது."